உப்பாத மாவும் நிரந்தரத் தற்காலிகக் குழுவும்

புதுச்சேரியில் யார் வேண்டுமானாலும் எதைப் பற்றி வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம். வாங்க மாட்டேன் என்று எந்த அலுவலகமும் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. மரியாதையாக வாங்கி, முத்திரை குத்தி, உட்காரச் சொல்லி, அதன் பிறகுதான் ஆளைக் கொல்வார்கள். உப்பளம் பகுதியில் ரொட்டிக்கடை வைத்திருந்த அமலநாதனுக்கு இது தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். அவருடைய மச்சான் ஒருத்தர் பட்டாவில் பெயர் மாற்றப் போய்ப் பாதி ஆளாகத் திரும்பி வந்தவர். இருந்தாலும் மாவு உப்பாமல் போனபோது அமலநாதனும் ஒரு மனுவை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். விதி யாரை விட்டது.

அமலநாதன் சுடுவது நீட்டு ரொட்டி. வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சு மாதிரியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்துப் பிரெஞ்சுக்கார மதாம்கள் ரொட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கூடவே பிரெஞ்சில் ஒரு வார்த்தையும் அனுப்புவார்கள். மாவைப் பிசைந்து ஈஸ்ட் சேர்த்து மரத்தொட்டியில் போட்டு, மேலே ஒரு பலகையை மூடி, பலகை மேல் பழைய அம்மிக் குழவியை வைப்பார். சில மணி நேரத்தில் மாவு பொங்கிப் பலகையை முட்டும். முப்பது வருஷமாக முட்டிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் சாம்பல் புதன் கழிந்து தவக்காலம் தொடங்கியதும் முட்டுவதை நிறுத்திக்கொண்டது. பலகையைத் தூக்கிப் பார்த்தால் மாவு போட்ட இடத்தில் போட்டபடி, வேலைக்கு வந்து படுத்துத் தூங்குகிற ஆள் மாதிரிக் கிடந்தது.

மைதாவை மாற்றினார். தண்ணீரை மாற்றினார். அவர் மனைவி ஆரோக்கியம் கோயிலிலிருந்து தீர்த்தம் வாங்கி வந்து தெளித்தாள். மாவு அசையவில்லை. அப்போதுதான் ஆரோக்கியம் எதிர்வீட்டு மாடியைக் காட்டினாள்.

"ஏங்க, அது வந்ததுக்கு அப்புறந்தான் இது நின்னுச்சி."

எதிர்வீடு ஆதிமூலத்தின் லாட்ஜ். அதன் மொட்டை மாடியில் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் ஒரு செல்போன் டவர் முளைத்திருந்தது. ஊருக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அதற்கு மஞ்சளும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். டவரிலிருந்து வரும் அலை உயிரணுக்களைக் கெடுக்கும் என்று ஆரோக்கியத்துக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. ஈஸ்ட் என்பது என்ன? முழுக்க உயிரணு. அவளுடைய வழக்கு அவ்வளவுதான். அதில் ஓட்டை இருப்பதாக அமலநாதனுக்குத் தெரியவில்லை. வாட்ஸ்அப் வந்த வழியும் அதே டவர்தான் என்பதை இருவரும் கவனிக்கவில்லை.

அவருக்கு இருந்த அவசரம் வேறு. இயேசு உயிர்த்தெழுந்த பாஸ்கா ஞாயிறு அன்று பூசை முடிந்ததும் பங்குக் கோயிலில் எல்லோருக்கும் ஆளுக்கொரு ரொட்டி கொடுப்பார்கள். அந்த ரொட்டி அமலநாதனுடையது. இந்த வருஷம் பங்குச்சாமியார் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொல்லிவிட்டார். "முடியலன்னா முன்கூட்டியே சொல்லிடுப்பா. சென்னையிலேருந்து பாக்கெட் பன் வரவழைச்சிக்கலாம்." பாக்கெட் பன் ஒரு தடவை கோயிலுக்குள் நுழைந்தால் திரும்பிப் போகாது. அங்கிருந்து கான்வென்ட், கான்வென்டிலிருந்து ஓட்டல்கள், கடைசியில் தெரு. பாஸ்கா ரொட்டி போனால் கடை போயிற்று. அமலநாதனுக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்கிற வயசும் இல்லை.

ஆகவே மனுவோடு போனார். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்ட, அது மற்றொன்றைக் காட்ட, கடைசியில் சரியான இடத்துக்கே வந்து சேர்ந்தார். வாசலில் பலகை இருந்தது: 'அலைபேசிக் கதிர்வீச்சால் உயிரணுக்களுக்கு நேரக்கூடிய தாக்கங்களைக் கண்டறியும் நிரந்தரத் தற்காலிகக் குழு.' மூன்று மாதத்தில் அறிக்கை தருவதற்காகப் பதினோரு வருஷத்துக்கு முன்பு அமைத்த குழு. அப்போது தற்காலிகக் குழு என்றே பெயர். வேலை முடியாததால் நிரந்தரம் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். பழைய பலகையில் இடம் போதாமல் பெரிய பலகை செய்தார்கள். குழு செய்து முடித்த காரியங்களில் அது முக்கியமானது.

வாசலில் ஒரு பிரியாணி அண்டா. பக்கத்தில் குழுவின் செயலர் செம்மல், மெலிந்த, அன்பான மனிதர்.

"போன அண்டாவில போடுங்க ஐயா. கதிர்வீச்சு இல்லாத சூழ்நிலையிலதான் குழு கூடணும்னு விதி."

அமலநாதன் போட்டார். உள்ளே ஏற்கெனவே இருபது போன் கிடந்தது. செம்மல் மூடியைப் போட்டு அமுக்கினார். மூடுவதற்குள் ஒரு போன் சேவல் மாதிரி நீளமாகக் கூவியது. அது ஆதிமூலத்தின் போன். அறைக்குள் எட்டிப் பார்த்தால் உறுப்பினர்கள் வரிசையில் ஆதிமூலமே உட்கார்ந்திருந்தார். டவருக்கு அருகில் வசிக்கும் பொதுமக்களின் பிரதிநிதி என்று அவர் முன்னால் அட்டை வைத்திருந்தது. தப்புச் சொல்ல முடியாது. அவரைவிட அருகில் யாரும் வசிக்க முடியாது.

"வா அமலநாதா," என்றார் ஆதிமூலம். "உனக்காகத்தான் வந்திருக்கேன்."

"வருகைப் பதிவு பண்ணிடலாம்," என்றார் செம்மல். "உங்க நம்பருக்கு ஓடிபி வரும். அதச் சொல்லுங்க."

"போன் அண்டாவில இருக்குதுங்களே."

"ஆமா. எடுக்கக் கூடாது."

"அப்ப எப்படிங்க சொல்றது?"

"அதான் எங்களுக்கும் தெரியல," என்றார் செம்மல் வருத்தத்தோடு. "போன மாசத்துலேருந்துதான் ஓடிபி வந்துது. அதுலேருந்து யாரும் கூட்டத்துக்கு வந்ததா பதிவே இல்ல. தலைவரே வரல."

வராத தலைவர் கமலக்கண்ணன் நடுநாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். துறைமுகக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு உயிரணுவைப் பற்றித் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது, அதைப் பற்றி அவரிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை. அவர் எழுந்து பேசினார்.

"மனுதாரருக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். செல்போன் கதிர்வீச்சு உயிரணுவக் கெடுக்குமா கெடுக்காதா, இதான் கேள்வி. உலகத்துல சில ஆய்வுல ஏதோ ஆகுதுன்னு வந்திருக்கு. சில ஆய்வுல ஒண்ணுமே ஆகலன்னு வந்திருக்கு. கெடுக்கும்னு நாங்க சொன்னா டவர் கம்பெனிக்காரன் கோர்ட்டுக்குப் போவான். கெடுக்காதுன்னு சொன்னா, பின்ன இந்தக் குழு எதுக்குன்னு கேப்பாங்க. அதனால பதினோரு வருஷமா 'இருக்கலாம்'னு சொல்லிட்டு வர்றோம். எத்தனை பேர் எங்கள அந்தப் பக்கம் இழுத்தாங்க, இந்தப் பக்கம் இழுத்தாங்க. நாங்க அசையல. அந்த ஒரு வார்த்தையக் காப்பாத்த நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

உறுப்பினர்கள் கை தட்டினார்கள். ஆதிமூலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஓடிபி சிக்கலை விவாதித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். அண்டா மூடியில் ஓட்டை போடுவது. ஓட்டை வழியாக அலை உள்ளே போகும், ஓடிபி வரும், செம்மல் எட்டிப் பார்த்துப் படித்துச் சொல்வார். கதிர்வீச்சைத் தடுக்கும் மூடியும் மேலேயே இருக்கும். எல்லோருக்கும் திருப்தி. அன்றைய கூட்டத்துக்கு மட்டும் மனுதாரர் வரவில்லை என்று பதிவாயிற்று. தான் வரவில்லை என்பதை ஒப்புக்கொண்டு அமலநாதன் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த கூட்டத்துக்குள் அமலநாதனின் கடையில் பாதி அலமாரி காலி. உப்பாத மாவைச் சுட்டுப் பார்த்ததில் கதவுக்கு முட்டுக் கொடுக்கிற கட்டை மாதிரி ஏதோ வந்தது. ஒரு மதாம் அதைத் திருப்பி அனுப்பியபோது பிரெஞ்சு வார்த்தைகூட வரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது கூட்டத்தில் எடுத்துக்கொண்ட கேள்வி: ஈஸ்ட்டுக்கு உயிர் உண்டா? உயிர் இருந்தால்தான் அது உயிரணு, உயிரணுவாக இருந்தால்தான் குழு விசாரிக்கலாம். இதை ஊரில் உள்ள எல்லா இலாகாவுக்கும் எழுதிக் கேட்டிருந்தார்கள். செம்மல் பதில்களை வாசித்தார். மேற்படி பொருளுக்குக் காலும் இல்லை, நடையும் இல்லை, எனவே எங்களைச் சேராது என்று கால்நடைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். விதையும் இல்லை வேரும் இல்லை என்று கைகழுவினார்கள் விவசாயத்துக்காரர்கள். வலையில் நிற்காது என்று மீன்காரர்கள் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நோயாளியை நேரில் அழைத்து வந்து சீட்டுப் போட்டால் பார்க்கலாம் என்றது ஓர் ஆஸ்பத்திரி.

அமலநாதன் எழுந்து நின்றார். "ஐயா, அது உயிருங்க. கையில தொட்டா தெரியும். வெதவெதன்னு இருக்கும். மூச்சு விடும்."

"உணர்ச்சிவசப்படாதீங்க," என்றார் கமலக்கண்ணன். "ஆதாரம் வேணும்."

அப்போது கடைசி நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. "அதுக்கு உயிர் இருக்கு சார். நான் எழுதித் தர்றேன்."

பேசியவர் ராஜா. புளிப்புக் கண்காணிப்புப் பிரிவின் ஆய்வாளர். தெருவுக்கு நாலு பிராந்திக் கடை இருக்கிற ஊரில், கடை வைக்காமல் வீட்டிலேயே காய்ச்சுகிறவர்களைப் பிடிப்பது அவருடைய பிரிவின் பணி.

"உயிர் இருந்தாத்தான் புளிக்கும். புளிச்சாத்தான் சரக்கு. இருபது வருஷமா அத நாங்க உயிரோடதான் புடிச்சிட்டு வர்றோம். எங்க பிரிவத் தவிர இந்த ஊர்ல ஈஸ்ட்ட யாரும் மதிச்சதே இல்ல."

அமலநாதன் அவரைக் கும்பிட்டார். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. ராஜா அவர் பக்கம் திரும்பினார்.

"லைசென்ஸ் இருக்கா?"

"ரொட்டி சுட இருக்குதுங்க."

"மாவு புளிக்கும்போது உள்ள கொஞ்சம் சாராயம் ஊறும். தெரியுமா? அதுக்கு இருக்கா?"

"இப்ப புளிக்கறதே இல்லைங்க. அதுக்குத்தான மனு."

"அப்ப முன்னாடி புளிச்சுது."

"முப்பது வருஷமா நல்லாப் புளிச்சுதுங்க."

"எழுதிக்கங்க செம்மல் சார். முப்பது வருஷம்."

அமலநாதன் உட்கார்ந்தார். நம்மை அடிக்க வருகிறவன் ஒருத்தன்தான் நம்மைப் புரிந்துகொண்டவனாகவும் இருக்கிறானே என்று அவருக்கு ஒரு குழப்பம் வந்தது. அன்று வீட்டுக்குப் போகும்வரை அது தீரவில்லை.

அடுத்த வாரம் குழு கடையைப் பார்வையிட வந்தது. மூன்று ஜீப், அதில் ஒன்று அண்டாவுக்கு. கதிர்வீச்சை அளக்கும் கருவியும் வந்திருந்தது. அது செல்போன் ஆப்பில்தான் வேலை செய்யும் என்பதால் அண்டாவை விட்டு வெளியே எடுக்க முடியவில்லை. டவரை யாரும் பார்க்கவில்லை. குழுவின் பெயரில் உயிரணு இருக்கிறதே தவிர டவர் இல்லை என்று கமலக்கண்ணன் விளக்கினார். மாவையும் பார்க்கவில்லை, அதற்கு உயிர் உண்டா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. டவரும் மாவும் போக மிஞ்சியது ஆதிமூலம் வாங்கி வைத்திருந்த இளநீர். அதை நன்றாகப் பார்வையிட்டார்கள்.

ராஜா மட்டும் உள்ளே போய் ஈஸ்ட் டப்பாக்களை அரக்கு வைத்து மூடினார். போகிற போக்கில் அடுப்பையும் பார்த்தார். விறகு அடுப்பு, பெரிய வாய். "இதுல சாராயம் வடிக்கவும் செய்யலாம்," என்று அதற்கும் ஒரு சீல் வைத்தார்.

ஆரோக்கியம் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ஏன் சார், டவர் மேல பிராது குடுத்தா அடுப்ப மூடறீங்களே. இது எந்த ஊரு நியாயம்?"

"அம்மா, டவர் எங்க பிரிவுல இல்ல."

"பாஸ்காவுக்கு ரொட்டி போடணும் சார்."

"தெரியும். என் மாமியார் வீடு இந்தப் பங்குதான். அன்னிக்கு நானும் கோயிலுக்கு வருவேன். ரொட்டி உப்பியிருந்துதுன்னா நீங்க ஈஸ்ட்ட உயிரோட வச்சிருந்தீங்கன்னு அர்த்தம். அப்பப் பேசிக்கலாம்."

அவர் கெட்டவர் இல்லை. போகும்போது ஆரோக்கியத்தின் கைவேலையான ஒரு கேக்குத் துண்டைப் பாராட்டிவிட்டுத்தான் போனார்.

மூன்றாவது கூட்டம் பெரிய வியாழன் அன்று. மறுநாள் புனித வெள்ளி, அதற்கு அடுத்த நாள் சனி, ஞாயிறு பாஸ்கா. அடுப்பில் சீல். பங்குச்சாமியார் கேட்டனுப்பிவிட்டார், பன்னுக்குச் சொல்லிவிடலாமா என்று. அமலநாதன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஆரோக்கியம் தானும் வருவேன் என்று கிளம்பிவிட்டாள். அண்டா மூடியில் ஓட்டைகள் போட்டிருந்தார்கள், இடியாப்பத் தட்டு போலிருந்தது.

அன்று பரிசோதனை. மேசை மேல் இரண்டு கிண்ணம், இரண்டிலும் ஒரே மாவு. ஒரு கிண்ணத்தின் மேல் அரசாங்கச் செலவில் வாங்கிய செல்போன் ஒன்றை வைத்திருந்தார்கள். பரிசோதனைக்கான போன் என்பதால் அதற்கு மட்டும் அண்டாவிலிருந்து விலக்கு. சிம் கார்டு வாங்கத் தனி டெண்டர் போக வேண்டியிருந்ததால் அதில் சிம் இல்லை. காலையிலேயே வைத்துவிட்டார்கள். அறையில் ஏசி முழு வேகத்தில் ஓடியது. உறுப்பினர்கள் சிலர் மப்ளர் கட்டியிருந்தார்கள்.

மதியம் கமலக்கண்ணன் இரண்டு கிண்ணத்தையும் எட்டிப் பார்த்தார். "போன் வச்சதும் உப்பல. வைக்காததும் உப்பல. ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. ஆகவே போனால பாதிப்பு இல்ல. இவ்வளவு தெளிவா ஒரு முடிவு இந்தக் குழுவுக்கு வந்ததே கிடையாது."

"சார்," என்றாள் ஆரோக்கியம். "மார்கழிக் குளிர்ல இட்லி மாவே பொங்காது. இந்த ஏசியக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்களேன்."

"எங்க வீட்லயும் இதத்தாம்மா சொன்னாங்க," என்றார் கமலக்கண்ணன், கோபமே இல்லாமல். "ஆனா ஏசிய நிறுத்தினா உறுப்பினர்ங்க எழுந்து போயிடுவாங்க. அவங்க போயிட்டா கூட்டத்துக்கு வேண்டிய ஆள் கணக்கு, அதான் கோரம், அது இல்ல. கோரம் இல்லாத நேரத்துல மாவு உப்பினா அது செல்லாது. உப்பினாலும் செல்லாது, உப்பலன்னாலும் செல்லாது. இப்ப உப்பாதது செல்லும்."

ஆரோக்கியம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

செம்மல் அமலநாதனைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளைத் தொட்டார். "ஐயா, உங்க நல்லதுக்குச் சொல்றேன். ஈஸ்ட்டுக்கு உயிர் இருந்துதுன்னு நீங்க நின்னீங்கன்னா ராஜா சார் கேஸ் போடுவாரு. முப்பது வருஷத்துக்கும் சேத்துப் போடுவாரு. அடுப்பு திறக்காது. உயிர் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா கேஸே இல்ல. இப்பவே ஆள் வந்து அடுப்புச் சீல உடைச்சிடுவான். டப்பாவ மட்டும் லீவு முடிஞ்சி வாங்கிக்கலாம்."

"டவராலதான் செத்துப்போச்சுன்னு எழுதிடறேங்க."

"ஐயையோ, செத்துதுன்னு எழுதாதீங்க. செத்துதுன்னா அதுக்கு முன்னாடி உயிரோட இருந்துதுன்னு ஆயிடும். அது எப்பவுமே உயிரோட இருந்ததில்லன்னு எழுதுங்க."

அமலநாதன் மேசை முன்னால் உட்கார்ந்தார். முப்பது வருஷமாக அவருக்கும் அவர் வீட்டுக்கும் சோறு போட்டது அது. மழைக்காலத்தில் அதற்குக் குளிருமே என்று தொட்டிமேல் தன் கம்பளியைப் போர்த்தியிருக்கிறார். அதைத் தனக்குத் தெரியாது, அப்படி ஒன்று உயிரோடு இருந்ததே இல்லை என்று இப்போது எழுத வேண்டும். பேனா பிடித்த கை வியர்த்தது, அந்த ஏசியிலும். பாக்கெட் பன்னை நினைத்துக்கொண்டு எழுதினார். கையெழுத்தும் போட்டார்.

"மூணு பிரதி," என்றார் செம்மல்.

இரண்டாவதிலும் போட்டார். மூன்றாவதிலும் போட்டுவிட்டுப் பேனாவை எடுக்கும்போது, அண்டா மூடியின் ஓட்டைகள் வழியாக ஆதிமூலத்தின் போன் கொக்கரக்கோ என்று நீளமாகக் கூவியது.

ஆரோக்கியம் அவரைப் பார்த்தாள். சின்ன வயசிலிருந்து வருஷா வருஷம் பெரிய வாரத்தில் கேட்கிற கதை. பேதுரு தன் ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று தடவை சொன்னதும் சேவல் கூவிய கதை. அவருக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் காது வரைக்கும் ஏறியது. அவர்கள் வீடு திரும்பும்போதே ஆள் வந்து அடுப்புச் சீலை உடைத்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மூன்று காரியங்கள் நடந்தன. டவர் கம்பெனியோடு வாடகைத் தகராறு வந்து ஆதிமூலம் டவருக்குப் போகிற கரென்டைப் பிடுங்கிவிட்டார். டப்பாவெல்லாம் அரக்குக்குள் மாட்டிக்கொண்டதால் ஆரோக்கியம் பஸ் ஏறிக் காலாப்பட்டில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய் வேறு ஈஸ்ட் வாங்கி வந்தாள். அன்றைக்கென்று வெயிலும் மண்டையைப் பிளந்தது. உப்பாவிட்டாலும் பரவாயில்லை, கட்டையையாவது சுட்டுக் கொடுத்து ஒரு வார்த்தை வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்று அமலநாதன் மாவைப் பிசைந்து தொட்டியில் போட்டார். பலகையை மூடினார். குழவியை வைத்தார். ராத்திரி நடக்கிற விழிப்புப் பூசைக்குப் போய்விட்டு வந்து படுத்தார்கள்.

ஞாயிறு விடியலில் முதலில் எழுந்து தொட்டியிடம் போனவள் ஆரோக்கியம். குழவி பலகையை விட்டு உருண்டு தரையில் கிடந்தது. பலகை ஒரு பக்கமாகத் தூக்கி நின்றது. உள்ளே இருந்தது வெளியே வந்துகொண்டிருந்தது.

அவள் சத்தம் போடவில்லை. புருஷனிடம் போய்க் காதோடு சொன்னாள். "ஏங்க. எழுந்துடுச்சி."

அமலநாதன் ஓடி வந்து பார்த்தார். மாவில் கையை வைத்தார். வெதவெதப்பாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் கண்ணீரோடு அவர் செய்த முதல் காரியம் தெருக்கதவைச் சாத்தியதுதான்.

"யாராவது பாத்தாங்களா?"

"இந்நேரத்துக்கு யாரு பாப்பாங்க?"

"எழுதிக் குடுத்திருக்கேன்டி. எப்பவுமே உயிர் இருந்ததில்லன்னு மூணு பிரதி எழுதிக் குடுத்திருக்கேன். இது இப்படி எழுந்து உக்காந்தா நான் என்ன பதில் சொல்றது?"

டவர் நின்றதால் உப்பியதா, காலாப்பட்டு ஈஸ்ட்டால் உப்பியதா, வெயிலால் உப்பியதா என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதைக் கண்டுபிடிக்க வேண்டியவர்கள் அன்று லீவில் இருந்தார்கள்.

"சீக்கிரம் உருட்டு," என்றார் அமலநாதன். "அடுப்புல போயிட்டா அதுல ஒரு உயிரணு மிஞ்சாது. வெந்து வந்துட்டா நான் எழுதிக் குடுத்தது சரியாயிடும்."

இரண்டு பேரும் உருட்டினார்கள். ஆனந்தமும் பயமும் ஒன்றாக வந்தால் கை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்றுதான் பார்த்துக்கொண்டார்கள். அடுப்பிலிருந்து முதல் ஈடு வெளியே வந்தபோது கதவைச் சாத்தி என்ன பயன், வாசனை தெருக்கோடி வரைக்கும் போய்விட்டது.

காலைப் பூசை முடிந்து ஜனம் வெளியே வந்தது. கோயில் வாசலில் கூடைகளோடு அமலநாதனும் ஆரோக்கியமும் நின்றார்கள். பங்குச்சாமியார் ஒரு ரொட்டியை எடுத்து அழுத்திப் பார்த்து, அமலநாதனின் முதுகில் தட்டினார். பாக்கெட் பன் வரவில்லை. அடுத்த வருஷமும் வராது. அமலநாதன் மூச்சை விடப்போனார். வரிசையில் அடுத்த ஆள் ராஜா.

மாமியாரும் மனைவியும் பின்னால் நிற்க, வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். ரொட்டியை வாங்கினார். நகராமல் அங்கேயே நின்று பிட்டார். மேல்தோல் நொறுங்கியது, உள்ளே பஞ்சு மாதிரி, கண் கண்ணாகத் துளை. ஆய்வாளர் மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"நல்லா உப்பியிருக்கே," என்றார். "உயிர் இருந்திருக்கு போல?"

ஆரோக்கியத்தின் கை கூடைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஆமாம் என்றால் முப்பது வருஷத்துக் கேஸ். இல்லை என்றால் கண்ணெதிரே இருக்கிற ரொட்டி சிரிக்கும். அமலநாதன் ராஜாவைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அமைதியானது. எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது அது. நடுநாற்காலியில் தேநீர் குடிக்கும்போது கமலக்கண்ணனுக்கு இருக்கிற முகம்.

"இருக்கலாம் சார்."

அதை எந்தச் சட்டத்தில் கொண்டுபோய் அடைப்பது என்று ராஜாவுக்கும் தெரியவில்லை. மிச்ச ரொட்டியை வாயில் போட்டு மென்றார்.

"மாமியாருக்கு இன்னும் ரெண்டு குடுங்க."

அமலநாதன் பொறுக்கி எடுத்து நல்லதாக இரண்டு கொடுத்தார். வரிசை நகர்ந்தது. கூட்டத்துக்குப் பின்னால், ஓசி ரொட்டிக்கு வந்து நின்ற ஆதிமூலத்தின் சட்டைப்பையில் போன் கொக்கரக்கோ என்று கூவியது. ஆரோக்கியம் சட்டென்று புருஷன் முகத்தைப் பார்த்தாள். அமலநாதன் அடுத்தவருக்கு ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது சேவலாகக் கேட்கவில்லை, யாருக்கோ போன் வருவதாகத்தான் கேட்டது.